ஓர் எறும்புக்கு எத்தனை லக்ஸ்? மேக்ரோ ஒளியின் வரவு செலவுக் கணக்கு

மாமரத்து இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பில் பெரிய வேலைக்காரி 8 முதல் 10 மி.மீ. நீளம் இருக்கும். செம்பருத்தித் தளிரில் கூட்டமாக ஒட்டியிருக்கும் அசுவினி சுமார் 2 மி.மீ. ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. 1:1 அளவில், அதாவது உயிரின் அசல் அளவே சென்சாரில் விழும்படி எடுத்தால், 8 மி.மீ. எறும்பு படத்தின் அகலத்தில் 34 சதவீதத்தைப் பிடிக்கும். அசுவினி 8.5 சதவீதத்தைப் பிடிக்கும்.

இவ்வளவு நெருங்குவதற்கு லென்ஸ் வழிகள் மலிவாகவே கிடைக்கின்றன. எக்ஸ்டென்ஷன் டியூப், ரிவர்ஸ் ரிங் இரண்டும் சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகின்றன. பலரும் தயங்கி நிற்பது வெளிச்சத்தில்தான். இப்படி நெருங்கி எடுக்கும் மேக்ரோ படங்களுக்கென்றே செய்த ஃபிளாஷ் எது என்று தேடினால் கண்ணில் படும் விலை அப்படி. கேனான் நிறுவனம் 2017-ல் அறிவித்த எம்.டி.-26இ.எக்ஸ்.-ஆர்.டி. என்ற இரட்டைத்தலை ஃபிளாஷின் அறிமுக அமெரிக்க விலை 989.99 டாலர். டாலருக்கு ரூ.85 என்று வைத்தால் ஏறத்தாழ ரூ.84,000. கல்லூரி மாணவருக்கும் கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அந்த விலையைப் பார்த்ததுமே ஆசை விட்டுப்போகும்.

விட்டுப்போக வேண்டியதில்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரை. மேக்ரோவில் வெளிச்சத்தின் விலையைத் தூரமே முடிவு செய்கிறது. பூச்சிக்கும் விளக்குக்கும் இடையே 15 செ.மீ. மட்டுமே இருக்கும்போது, சாதாரண ஃபிளாஷ் தன் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்க வேண்டியிருக்காது. இங்கே வரும் ரூபாய்க் கணக்குகள் இந்திய இணையக் கடைகளில் வழக்கமாகக் காணப்படும் விலைகளை முழு எண்ணாக்கியவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் அவை மாறும். இயற்பியல் கணக்குகள் மாறாது.

தேவைப் பக்கம்: எவ்வளவு ஒளி வேண்டும்?

முதலில் கடன் பக்கத்தைப் பார்ப்போம். பூச்சியை நெருங்க நெருங்க லென்ஸ் வழியாகச் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி குறைந்துகொண்டே போகும். லென்ஸில் வைத்திருக்கும் எஃப் எண்ணை (1 + உருப்பெருக்கம்) என்பதால் பெருக்கினால் உண்மையில் வேலை செய்யும் எஃப் எண் கிடைக்கும். எஃப்11-ல் வைத்திருந்தால்:

1:2 அளவில் எஃப்16.5, ஒளி 2.25-ல் ஒரு பங்கு
1:1 அளவில் எஃப்22; ஒளி 4-ல் ஒரு பங்கு
2:1 அளவில் எஃப்33. ஒளி 9-ல் ஒரு பங்கு
5:1 அளவில் எஃப்66. ஒளி 36-ல் ஒரு பங்கு

அப்பர்ச்சரை அகலத் திறந்துவிட்டால் ஒளி கூடும். ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடும். இந்தச் சென்சாருக்கு 0.02 மி.மீ. மங்கல் வட்டம் என்ற வழக்கமான அளவை எடுத்துக்கொண்டால், 1:1 அளவில் எஃப்2.8-ல் கிடைக்கும் ஆழம் 0.22 மி.மீ. அதே இடத்தில் எஃப்11 வைத்தால் 0.88 மி.மீ. எறும்பின் கண்ணும் தாடையும் சேர்ந்து தெளிவாக வர வேண்டுமானால் இந்த இரண்டாவது எண்தான் உதவும். இன்னும் மூடிக்கொண்டே போகலாமா? கூடாது. எஃப்22-ல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் விழும்போது, ஒளி விளிம்பில் சிதறுவதால் ஏறத்தாழ 30 மைக்ரான் அகல வட்டமாகப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.9 மைக்ரான். அதாவது புள்ளி ஏழரைப் பிக்சல் அகலத்துக்கு விரிகிறது. இதற்கு மேல் மூடினால் ஆழம் கூடும், நுணுக்கம் குறையும்.

எனவே 1:1 அளவில் லென்ஸில் எஃப்11, நடைமுறையில் எஃப்22 என்பதையே நம் அடிப்படையாக வைப்போம். ஷட்டர் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. 100. ஒளிமானிகள் பயன்படுத்தும் 250 என்ற மாறிலியைக் கொண்டு கணக்கிட்டால், பூச்சியின் மேல் விழ வேண்டிய ஒளி 2,42,000 லக்ஸ்.

நடுப்பகல் வெயில்கூட ஏறத்தாழ 1,00,000 லக்ஸ்தான். சூரியனைப் போல் இரண்டரை மடங்கு ஒளியை ஓர் எறும்பு கேட்கிறது. மேக்ரோ ஒளிப்படத்தின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

இருக்கிற வெளிச்சம் என்ன தரும்?

பணம் செலவில்லாத வெளிச்சத்திலிருந்தே தொடங்குவோம். எஃப்22, 1/200 நொடி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஐ.எஸ்.ஓ. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பார்க்கலாம். இடங்களின் லக்ஸ் அளவுகள் பொதுவான மதிப்பீடுகள்.

நேர் வெயில், 1,00,000 லக்ஸ்: ஐ.எஸ்.ஓ. 240
கட்டட நிழல், 10,000 லக்ஸ்: ஐ.எஸ்.ஓ. 2,400
அடர்ந்த மரத்தடி, 2,000 லக்ஸ்: ஐ.எஸ்.ஓ. 12,100
வீட்டுக் கூடத்து விளக்கு, 300 லக்ஸ்: ஐ.எஸ்.ஓ. 80,000

நேர் வெயிலில் எண் சாதகமாக இருக்கிறது. படம் சாதகமாக இருக்காது. பூச்சிக்குச் சூரியன் ஒரு சின்னப் புள்ளி விளக்கு. பொறிவண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு வெந்துபோய்த் தெரியும், அடிப்பக்கம் கரியாக இருக்கும். நிழலில் 2,400 என்பது இன்றைய கேமராக்களில் சமாளிக்கக்கூடிய எண்தான். ஆனால் 1/200 நொடி, நடக்கும் எறும்பை நிறுத்தப் போதாது. அந்தக் கணக்கு பின்னால் வருகிறது.

எல்.இ.டி. பல்பு: அசையாதவற்றுக்கு ராஜா

வீட்டு எல்.இ.டி. பல்பு இந்தியாவில் மலிந்த வேகம் வியப்பானது. அரசின் உஜாலா திட்டத்துக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பின் விலை 2014-ல் ரூ.310 ஆக இருந்து 2016-ல் ரூ.38 வரை இறங்கியது. இன்று கடையில் ஒரு 9 வாட் பல்பு சுமார் ரூ.100. அது தருவது ஏறத்தாழ 900 லூமென்.

அந்த 900 லூமென் முன்பக்கமாக, நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும் பரவுகிறது என்று கொண்டால், நேர் எதிரே கிடைப்பது:

30 செ.மீ. தூரத்தில் 3,200 லக்ஸ்
20 செ.மீ. தூரத்தில் 7,150 லக்ஸ்
15 செ.மீ. தூரத்தில் 12,700 லக்ஸ்

நமக்கு வேண்டியது 2,42,000. 15 செ.மீ. தூரத்தில் வைத்தால் 19 பல்புகள், 171 வாட். நடமாடும் பூச்சியைச் சுற்றி 19 பல்பு கட்ட முடியாது. ஆகவே உயிருள்ள, அசையும் பூச்சிக்கு வீட்டு எல்.இ.டி. தோற்றுவிடுகிறது.

ஆனால் விதை, நாணயம், தபால்தலை, நகை வேலைப்பாடு, உதிர்ந்த இறகு, உலர்ந்த வண்டு போன்றவை அசையாதவை. கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டால் ஷட்டர் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 20 செ.மீ. தூரத்தில் இரண்டு பல்புகள் வைத்தால் 14,300 லக்ஸ். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்22-ல் சுமார் 1/12 நொடி போதும். இங்கே 1/10 நொடியைத் தேர்ந்தெடுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/10 நொடியில் சரியாக 10 மினுக்கங்கள் அடங்கும், எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் வரும். கவனப்புள்ளியை நூலிழை நகர்த்தி 30, 40 படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குபவர்களுக்கு இந்தச் சீர்மை கட்டாயம்.

நிறத்துக்கு ஒரு குறிப்பு: பெட்டியில் சி.ஆர்.ஐ. எண் 80 என்று போட்டிருந்தால் சிவப்பு கொஞ்சம் மங்கும். 90-க்கு மேல் உள்ள பல்பு கிடைத்தால் கூடுதலாகக் கொடுத்து வாங்கலாம். இரண்டு பல்புகளும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். 6500 கெல்வினையும் 3000 கெல்வினையும் கலந்தால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஃபிளாஷ்: தூரம் தரும் தள்ளுபடி

2,42,000 லக்ஸ் ஒளி 1/200 நொடிக்குத் தேவை என்றால், மொத்தத் தேவை 1,210 லக்ஸ்-நொடி. இதை மெதுவாகத் தந்தாலும் சரி, ஒரே மூச்சில் தந்தாலும் சரி, சென்சாருக்கு ஒன்றுதான். ஃபிளாஷ் இதையே 1/10,000 நொடியில் கொட்டிவிடுகிறது. அந்தக் கணத்தில் பூச்சியின் மேல் விழுவது 1 கோடியே 21 லட்சம் லக்ஸ், ஏறத்தாழ 121 சூரியன்கள். நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடும் கருவிக்கு இது எளிதாகக் கைவரும் வேலை.

ஃபிளாஷின் சக்தியைக் கைடு நம்பர் சொல்லும். ஐ.எஸ்.ஓ. 100-ல் எஃப் எண்ணையும் மீட்டர் தூரத்தையும் பெருக்கினால் வருவது அது. பெட்டியில் 58, 60 என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஃபிளாஷ் தலையை 105 அல்லது 200 மி.மீ. ஜூமில் வைத்து ஒளியைக் குவித்தபோது கிடைக்கும் எண். நாம் பாதியாக, 30 என்றே வைப்போம். எஃப்22 தேவைக்கு முழுச் சக்தியில் எத்தனையில் ஒரு பங்கு செலவாகும்?

1 மீட்டர் தூரத்தில்: ஏறத்தாழ 2-ல் ஒரு பங்கு
60 செ.மீ. தூரத்தில்: 5-ல் ஒரு பங்கு
30 செ.மீ. தூரத்தில்: 20-ல் ஒரு பங்கு
15 செ.மீ. தூரத்தில்: 82-ல் ஒரு பங்கு

தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்கு. நெருங்கி நிற்பவருக்கு இயற்பியல் தரும் தள்ளுபடி இது. இவ்வளவு கிட்டத்தில் இந்தச் சூத்திரம் துல்லியமாக இருக்காது, தோராயத்தைச் சொல்லும். பிறகு ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒரு படி ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம்.

ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் போட்டால் முக்கால் பங்கு ஒளியை அது தின்றுவிடும் என்று வையுங்கள். அப்போதும் 82-ல் ஒரு பங்கு என்பது 20-ல் ஒரு பங்காகத்தான் ஏறுகிறது. ஃபிளாஷில் 1/16 என்ற படியில் வைத்தால் வேலை முடிந்தது.

இனி விலை உயர்ந்த மேக்ரோ ஃபிளாஷ்களின் கைடு நம்பரைப் பாருங்கள். நிக்கான் எஸ்.பி.-ஆர்200-க்கு 10. கேனான் எம்.ஆர்.-14இ.எக்ஸ். ரிங் ஃபிளாஷுக்கு 14. கேனான் எம்.டி.-26இ.எக்ஸ்.-ஆர்.டி.-க்கு 26. சாதாரண ஃபிளாஷைவிட இவை சக்தி குறைந்தவை. தயாரித்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும், 15 செ.மீ. தூரத்தில் கைடு நம்பர் 10-கூடத் தேவையைப் போல் 9 மடங்கு தரும். அந்த விலைக்கு நாம் வாங்குவது ஒளியை லென்ஸின் முனைக்கே கொண்டுவரும் வசதி, இரு தலைகளையும் தனித்தனியே திருப்பும் வசதி, கேமராவே ஒளியை அளந்து கொடுக்கும் தானியங்கி வசதி. தொழில்முறையில் நாள் முழுதும் எடுப்பவருக்கு அவை பயனுள்ளவை. வெளிச்சத்தின் அளவைக் கூட்டுவதற்காக அவற்றை வாங்க வேண்டியதில்லை.

ரிங் ஃபிளாஷ் பிறந்த இடத்தையும் நினைவில் கொள்வது நல்லது. 1952-ல் லெஸ்டர் டைன் பல் மருத்துவப் படங்களுக்காக அதை உருவாக்கினார். வாய்க்குள் நிழலே விழக்கூடாது என்பது அங்கே தேவை. பூச்சிக்கு நிழல் வேண்டும். நிழல்தான் உருண்டையை உருண்டையாகக் காட்டும். தாவும் சிலந்தியின் பெரிய முன் கண்களில் ரிங் ஃபிளாஷின் வளையம் அப்படியே தெரிவதும் அழகில்லை.

நேரக் கணக்கு: எறும்பை நிறுத்துவது எது?

நொடிக்கு 10 மி.மீ. நகரும் எறும்பை எடுத்துக்கொள்வோம். 1:1 அளவில் சென்சாரிலும் அது அதே வேகத்தில் நகரும். 1/200 நொடியில் அது கடப்பது 50 மைக்ரான், அதாவது 13 பிக்சல். படம் இழுபட்டுப்போகும். எல்.இ.டி. வெளிச்சமோ நிழல் வெளிச்சமோ இருந்தால் இதுதான் கதி.

ஃபிளாஷில் சக்தியைக் குறைக்கக் குறைக்க ஒளித்துடிப்பின் நீளமும் குறையும். நிக்கான் எஸ்.பி.-800 ஃபிளாஷின் கையேட்டு எண்கள் இவை:

முழுச் சக்தியில் 1/1,050 நொடி
1/4 சக்தியில் 1/2,700 நொடி
1/16 சக்தியில் 1/10,900 நொடி
1/64 சக்தியில் 1/32,300 நொடி

முழுச் சக்தியில் எறும்பு நகர்வது இரண்டரைப் பிக்சல். 1/16-ல் கால் பிக்சலுக்கும் குறைவு. கை நடுக்கமும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும்; ட்ரைபாட் தேவைப்படாது. பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் ஸ்டீஃபன் டால்டன் 1970களின் தொடக்கத்தில் பறக்கும் பூச்சிகளைப் படமெடுக்க 1/25,000 நொடி ஃபிளாஷைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. இன்று காடாக்ஸ் டிடி600 போன்ற, கையால் அமைக்கும் ஃபிளாஷின் விவரக்குறிப்பிலேயே 1/20,000 நொடி வரை என்று இருக்கிறது. அரை நூற்றாண்டில் மலிவு வந்து சேர்ந்த தூரம் இது.

டிஃப்யூசர்: 150 ரூபாய்க்கு வாங்கும் அழகு

வெளிச்சம் போதும் என்றான பிறகு தரத்தின் கணக்கு. ஒளி மென்மையா கடுமையா என்பது, பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஃபிளாஷ் தலையின் முகம் ஏறத்தாழ 7.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். 15 செ.மீ. தூரத்திலிருந்து அது 28 பாகை அகலமாகத் தெரியும். 15 செ.மீ. அகல டிரேசிங் பேப்பரைப் பூச்சிக்கு 8 செ.மீ. அருகில் நிறுத்தி, அதன் பின்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் 86 பாகை. மூன்று மடங்கு. பொறிவண்டின் முதுகில் இருந்த வெந்த வெள்ளைப் பொட்டு, மங்கலான அகன்ற பளபளப்பாக மாறும். அதன் அடியில் இருக்கும் சிவப்பும் கரும்புள்ளியும் வெளியே வரும்.

செலவு:

ஏ4 டிரேசிங் பேப்பர் 2 தாள்: ரூ.20
வெள்ளை சார்ட் அட்டை: ரூ.15
இருபக்க ஒட்டும் டேப்: ரூ.40
வெல்க்ரோ பட்டை: ரூ.50
உள்ளே ஒட்ட அலுமினியத் தாள்: ரூ.25
மொத்தம்: ரூ.150

ஓர் ஏ4 தாளில் 15 x 12 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டலாம். சார்ட் அட்டையை ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸின் முனை வரை நீளும் கூம்புபோல் மடித்து, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, வாயில் டிரேசிங் பேப்பரை வளைத்து ஒட்டினால் போதும். இரண்டு தாள்களை 2 செ.மீ. இடைவெளி விட்டு வைத்தால் ஒளி இன்னும் சமமாகப் பரவும். அதற்குக் கூடுதலாக ஒரு ஸ்டாப் ஒளி செலவாகும். ஃபிளாஷை 1/16-லிருந்து 1/8-க்கு ஏற்றினால் அந்தச் செலவு ஈடாகிவிடும். தெர்மாக்கோல் துண்டு ஒன்றைப் பூச்சிக்கு அடியில் பிடித்தால் மேலிருந்து விழும் ஒளி திரும்பி வயிற்றுப்புறத்தையும் காட்டும். அதன் விலை பெரும்பாலும் பூஜ்யம். தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைக்குள் கிடக்கும்.

கேமராவிலேயே எழும்பும் சின்ன ஃபிளாஷ் உள்ளவர்கள் ஃபிளாஷுக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தொடங்கலாம். அதன் கைடு நம்பர் பல மாதிரிகளில் சுமார் 12. அங்கிருந்து பூச்சி 30 செ.மீ. தள்ளி இருக்கும். முழுச் சக்தியில் தேவையைப் போல் 3.3 மடங்கு கிடைக்கும். டிஃப்யூசர் முக்கால் பங்கைத் தின்ற பிறகு தேவையில் 83 சதவீதம் மிஞ்சும். ஐ.எஸ்.ஓ. 200 வைத்தால் சரியாகிவிடும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு சில நொடிகள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை.

பேட்டரி: மறைந்திருக்கும் செலவு

ஃபிளாஷ் வாங்குபவர்கள் மறந்துவிடும் கணக்கு இது. ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் ஆல்கலைன் பேட்டரி ஒன்று ரூ.40 என்றால் ஒரு செட் ரூ.160. திரும்பத் திரும்ப ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நான்கு சுமார் ரூ.1,200, சார்ஜர் சுமார் ரூ.1,000, சேர்த்து ரூ.2,200. 2,200-ஐ 160-ஆல் வகுத்தால் 13.75. பதினான்காவது செட் ஆல்கலைன் வாங்கும் நாளில் சார்ஜர் தன் விலையைத் திருப்பித் தந்திருக்கும். அதற்குப் பிறகு எல்லாம் லாபம்.

2,000 எம்.ஏ.எச். பேட்டரி நான்கிலும் அடங்குவது 9.6 வாட்-மணி. சார்ஜரின் இழப்பையும் சேர்த்து 15 வாட்-மணி என்று வைத்தால், யூனிட்டுக்கு ரூ.8 கட்டணத்தில் ஒருமுறை ஏற்றும் செலவு 12 பைசா. காடாக்ஸ் டிடி600-க்கு நிறுவனம் சொல்லும் கணக்கு, 2,500 எம்.ஏ.எச். பேட்டரியில் முழுச் சக்தியில் சுமார் 230 அடிகள். 1/16 படியில் இதைப் பதினாறால் பெருக்கினால் 3,680. சும்மா இருக்கும்போது கரையும் மின்சாரத்துக்கும் பேட்டரியின் வயதுக்கும் பாதியைக் கழித்தாலும் 1,800 படங்கள். ஒரு காலை நேரத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு.

பட்ஜெட் ஏடு

முதல் ஏடு, அசையாத பொருள்களுக்கு. செல்போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுப்பவர்களுக்கும் இதுவே.

9 வாட் எல்.இ.டி. பல்பு 2: ரூ.200
ஹோல்டர், ஒயர், பிளக்: ரூ.200
டிரேசிங் பேப்பர்: ரூ.20
தெர்மாக்கோல்: ரூ.40
மொத்தம்: ரூ.460

இரண்டாம் ஏடு, உயிருள்ள பூச்சிகளுக்கு. கேமராவின் ஹாட் ஷூவிலேயே ஃபிளாஷ் இருக்கும்.

1/1 முதல் 1/128 வரை கையால் அமைக்கும் ஃபிளாஷ்: ரூ.4,000
பேட்டரியும் சார்ஜரும்: ரூ.2,200
டிஃப்யூசர்: ரூ.150
மொத்தம்: ரூ.6,350

மூன்றாம் ஏடு, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கத்திலிருந்து அடிக்க விரும்புபவர்களுக்கு.

ரேடியோ வசதியுள்ள ஃபிளாஷ்: ரூ.7,000
டிரிகர்: ரூ.4,500
பேட்டரியும் சார்ஜரும்: ரூ.2,200
பிராக்கெட்: ரூ.800
டிஃப்யூசர் 2: ரூ.300
மொத்தம்: ரூ.14,800

இரட்டைத்தலை ஃபிளாஷின் ரூ.84,000-ஐ இரண்டாம் ஏட்டின் ரூ.6,350-ஆல் வகுத்தால் 13. ஒரு பள்ளியின் இயற்கை மன்றத்தில் ஒரே ஒரு மாணவருக்கு வாங்கித் தரக்கூடிய பணத்தில் 13 மாணவர்களுக்கு ஒளி கொடுக்கலாம். இரண்டாம் ஏட்டில் 10,000 படங்கள் எடுத்துவிட்டால் ஒரு படத்துக்கு விழும் கருவிச் செலவு 64 பைசா.

ஏமாறக் கூடாத இடங்கள்

‘ரிங் ஃபிளாஷ்’ என்ற பெயரில் ரூ.1,500 முதல் ரூ.3,000 வரை விற்பவற்றில் பல, வெறும் எல்.இ.டி. வளையங்கள். அதில் 5 வாட் எல்.இ.டி. இருப்பதாக வைத்து 500 லூமென் என்று கணக்கிட்டாலும், 10 செ.மீ. தூரத்தில் கிடைப்பது ஏறத்தாழ 16,000 லக்ஸ். நம் தேவையில் பதினைந்தில் ஒரு பங்கு. ஃபிளாஷ் என்று எழுதியிருந்தால் கைடு நம்பர் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் இல்லையென்றால் பெரும்பாலும் அது ஃபிளாஷ் இல்லை.

செல்போனுக்காக ஹாட் ஷூ ஃபிளாஷ் வாங்காதீர்கள். செல்போன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மின்னும் ஒளி சில வரிகளில் மட்டும் விழும். செல்போனுக்கு எல்.இ.டி.தான் துணை.

பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் இரண்டாம் கையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அவற்றில் சிலவற்றின் டிரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 10330 என்ற பன்னாட்டுத் தரம் சொல்லும் எல்லை 24 வோல்ட். மல்டிமீட்டரில் அளக்காமல் டிஜிட்டல் கேமராவில் பொருத்தினால் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் 30,000 ரூபாய்க் கேமராவை இழக்கலாம்.

அதிவேக சிங்க், தானியங்கி ஒளி அளவு என்று விலையை ஏற்றும் வசதிகளுக்கு மேக்ரோ தொடக்கத்தில் பெரிய வேலை இல்லை. தூரமும் அப்பர்ச்சரும் மாறாமல் இருக்கும்வரை, ஒருமுறை கையால் அமைத்த ஃபிளாஷ் அளவும் மாறாது.

பின்புலம் கரிய நிறமாக வருகிறது என்று பலர் ஃபிளாஷைக் குறை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: நிழலில் பின்புலத்தில் இருப்பது 10,000 லக்ஸ், தேவை 2,42,000. இருபத்து நான்கில் ஒரு பங்கு வெளிச்சம் கரியாகத்தான் தெரியும். ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/60 என்று மாற்றினால் பின்புலம் 13 மடங்கு ஏறி, இயல்பில் பாதிக்கு மேல் வந்துவிடும். ஃபிளாஷை 1/64-க்கு இறக்கிக்கொள்ளலாம். ஓடும் பூச்சிக்கு இது ஒத்துவராது, மெல்லிய இழுப்பு சேர்ந்து விழும். அப்போது பூச்சிக்குப் பின்னால் 3 செ.மீ. தள்ளி ஒரு பச்சை இலையைப் பிடியுங்கள். ஃபிளாஷ் அதன் மேலும் விழும். செலவு எதுவும் இல்லை.

தீர்ப்பு

எண்கள் சொல்லும் வரிசை தெளிவாக இருக்கிறது. முதல் 150 ரூபாயை டிஃப்யூசருக்குச் செலவிடுங்கள். அடுத்து நல்ல பேட்டரியும் சார்ஜரும். அதன் பிறகு, 1/128 வரை இறங்கும் சாதாரண ஃபிளாஷ் ஒன்று. விலை உயர்ந்த லென்ஸும் இரட்டைத்தலை ஃபிளாஷும் கடைசி வரிசையில் நிற்கட்டும். முதல் மூன்றும் கைவசமாகிப் பழகிய பிறகு அவை தேவையா என்பது உங்களுக்கே தெரியும்.

ஒளி மலிவானதால் பொறுப்பு குறைந்துவிடாது. அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைப்பதும் பசை போட்டு ஒட்டுவதும் வேண்டாம். 1/10,000 நொடி ஒளி கையில் இருக்கும்போது அந்தக் கொடுமைக்கு எந்தத் தேவையும் இல்லை. எடுத்த படத்தில் தேதியையும் இடத்தையும் குறித்து, 2008-ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களில் பதிவேற்றுங்கள். தெளிவான ஒளியில் எடுத்த கண், உணர்கொம்பு, கால் முள் இவற்றைக் கொண்டுதான் நிபுணர்கள் இனத்தை உறுதி செய்கிறார்கள். உங்கள் தெருச் செம்பருத்தியில் என்னென்ன வாழ்கின்றன என்ற பட்டியலை நீங்களே தொடங்கலாம். அதற்கு ஆகும் ஒளிச் செலவு ரூ.6,350, கேமராவில் எழும்பும் ஃபிளாஷ் இருந்தால் ரூ.150.